மீன் இரத்தத்தில் உட்கருக்களைக் கணினி கொண்டு எண்ணுதல்: ஸ்லைடு முதல் சரிபார்ப்பு வரை

கொடுவா மீனின் இரத்தத்தில் ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் 40 மடங்கு ஆப்ஜெக்டிவில் (ஸ்லைடுக்கு அருகிலுள்ள வில்லையில்) பாருங்கள். வெளிர் இளஞ்சிவப்பில் நீள்வட்டச் செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதா நிறத்தில் ஓர் உட்கரு. மனித இரத்தத்தில் இந்தக் காட்சி கிடைக்காது. பாலூட்டிகளின் சிவப்பணுக்கள் முதிரும்போதே உட்கருவை வெளியே தள்ளிவிடுகின்றன. மீனின் சிவப்பணுவோ கடைசிவரை உட்கருவுடனேயே இருக்கிறது.

நுண்ணோக்கிப் படங்களில் உட்கருவைத் தானாகக் கண்டறியக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இராமநாதபுரம் கடற்கரை ஏற்ற இடம் என்று நான் சொல்வது இதனால்தான். செல் வளர்ப்பு ஆய்வகம் வேண்டாம், விலை உயர்ந்த சாயம் வேண்டாம். மண்டபம் பக்கத்தில் கொடுவாவும் கடல் விராலும் கூண்டுகளில் வளர்கின்றன. ஒரு சொட்டு இரத்தத்தில் ஆயிரக்கணக்கான உட்கருக்கள் கிடைத்துவிடும்.

எண்ணிக்கையால் பயனும் உண்டு. நீரில் நச்சுப் பொருள் கலந்திருந்தால் செல் பிரியும்போது குரோமோசோம் துண்டுகள் சில பிரதான உட்கருவில் சேராமல் தனியே நின்று, சிறு புள்ளிகளாகத் தெரியும். இவற்றை நுண் உட்கருக்கள் என்கிறோம். அரிதாகவே தோன்றும் என்பதால் ஒரு மீனுக்கு ஆயிரம், இரண்டாயிரம் செல்களையாவது பார்க்க வேண்டியிருக்கிறது. இருபது மீன்களுக்குக் கையால் எண்ணியவர்களுக்குக் கணினியின் அருமை தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த தவறுகளிலும் எனக்குத் தெரிந்த மாணவர்கள் செய்த தவறுகளிலும் பெரும்பாலானவை கணினியைத் திறக்கும் முன்பே நடந்து முடிந்தவை. அதனால் இந்த வழிகாட்டியில் மென்பொருள் சற்றுத் தாமதமாகத்தான் வரும்.

முதல் படி: ஸ்லைடு

பனிக்கட்டியில் கிடந்து கரை சேரும் மீனின் இரத்தம் இதற்கு ஆகாது. செல்கள் உடைந்து, உட்கருக்கள் ஊதிப்போய், செல் உடல் இல்லாமல் தனியே மிதக்கும். கூண்டு மீனாக இருந்தால் உரிமையாளரின் அனுமதியோடு, வால் பகுதி இரத்தக் குழாயிலிருந்து ஊசியால் சிறிதளவு எடுக்கலாம்; மீன் பிழைத்துக்கொள்ளும். கடல் மீன்தான் வேண்டுமென்றால், அன்றே போய் அன்றே திரும்பும் நாட்டுப்படகுகளைக் கரையில் காத்திருந்து பிடியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அந்த இரண்டு மாதங்களில் உங்களுக்கு நாட்டுப்படகுக்காரர்கள்தான் கதி.

சொட்டை ஸ்லைடின் ஓரத்தில் வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சுமார் 45 பாகை சாய்த்து, ஒரே சீராக இழுக்க வேண்டும். கை தயங்கினால் வரி வரியாக விழும். இழுத்த படலத்தில் ஆரம்பம் தடிப்பாகவும் முனை மெல்லியதாகவும் இருக்கும். செல்கள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரவியிருக்கும் இடம் முனைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. படம் எடுக்க வேண்டியது அங்கேதான். ஒட்டிக் கிடக்கும் உட்கருக்களைப் பிரிக்க ஆயிரம் கணித உத்திகள் இருக்கின்றன. ஒட்டாத இடமாகப் பார்த்துப் படமெடுப்பது அவை எல்லாவற்றையும்விட மலிவானது.

உலர்ந்ததும் மெத்தனாலில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து நிலைநிறுத்துங்கள். கடற்கரைக்காரர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் புட்டியைத் திறந்து வைத்தால் சில நாட்களில் அதில் தண்ணீர் சேர்ந்துவிடும். அந்த மெத்தனாலில் நிலைநிறுத்திய சிவப்பணுக்களுக்குள் பளபளக்கும் வளையங்களும் பொத்தல்களும் தோன்றும். கணினி அவற்றையும் உட்கரு என்றே எண்ணும். சிறு புட்டிகளில் ஊற்றி இறுக மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, பிஎச் 6.8 அளவுள்ள பாஸ்பேட் கரைசலில் பத்து விழுக்காடாகக் கலந்த கீம்சா சாயத்தில் இருபது முதல் முப்பது நிமிடம். கழுவுவதற்கு வாலை வடிநீர் மட்டுமே. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிய என் முதல் பத்து ஸ்லைடுகளில் உப்புப் படிகங்கள் விண்மீன் கூட்டம்போல் மின்னின. பத்தும் குப்பைக்குப் போயின.

ஒளிரும் நுண்ணோக்கி கிடைப்பவர்கள் டாப்பி சாயத்தைப் பயன்படுத்தலாம். டிஎன்ஏவில் அடினைன், தைமின் மிகுந்த பகுதிகளில் ஒட்டிக்கொள்ளும் இச்சாயம் 358 நானோமீட்டர் அளவில் ஒளியை வாங்கி 461 நானோமீட்டரில் நீலமாகத் திருப்பித் தரும். கறுப்புப் பின்னணியில் உட்கரு மட்டும் தெரிவதால் கணினிக்குப் பாதி வேலை குறைந்துவிடும். ஆனால் விளக்கின் கீழே வெகுநேரம் வைத்தால் மங்கிப்போகும். இனி வருவதெல்லாம் கீம்சாவை மனதில் வைத்தே எழுதியது; டாப்பிக்கு மாறும் இடங்களை மட்டும் குறிப்பிடுகிறேன்.

இரண்டாம் படி: படம் எடுத்தல்

கேமராவின் தானியங்கி வெளிச்சச் சரிசெய்தலை அணைத்துவிடுங்கள். அது இருந்தால், செல் நெருக்கமான இடத்தில் ஒரு வெளிச்சம், வெறிச்சோடிய இடத்தில் வேறு வெளிச்சம் என்று படத்துக்குப் படம் மாறும். பிறகு எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. ஒரு நல்ல இடத்தில் வெளிச்ச நேரத்தையும் வெள்ளைச் சமநிலையையும் அமைத்து, அன்றைய ஸ்லைடுகள் முடியும்வரை கை வைக்காதீர்கள்.

டிஃப் வடிவில் சேமியுங்கள். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. உட்கருவின் விளிம்பு அந்தக் கட்டங்களின் ஓரத்தில் சிதையும். கைபேசிச் செயலிகள் வழியாக நண்பர் அனுப்பிய நுண்ணோக்கிப் படத்தை வைத்து அளவெடுக்க முயல்வது, மீனை வெயிலில் போட்டுவிட்டு எடை பார்ப்பது போன்றது.

அடுத்தது, ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்ற கணக்கு. கேமராவின் பிக்சல் 3.45 மைக்ரான், ஆப்ஜெக்டிவ் 40 மடங்கு, இடையிலுள்ள இணைப்பு வில்லை 0.5 மடங்கு என்று வையுங்கள். 3.45ஐ 20ஆல் வகுத்தால் 0.1725 மைக்ரான். அதாவது 5 மைக்ரான் நீளமுள்ள உட்கரு படத்தில் சுமார் 29 பிக்சல் நீளம் இருக்கும். இது போதுமானது. பத்து பிக்சலுக்குக் கீழே போனால் வடிவம் பற்றிப் பேச முடியாது. கணக்கை மட்டும் நம்பாமல் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கோடுகள் அதில் இருக்கும், கோட்டுக்குக் கோடு 10 மைக்ரான்.

ஸ்லைடில் இரத்தமே இல்லாத வெற்றிடத்தையும் ஒரு படம் எடுங்கள். விளக்கின் வெளிச்சம் நடுவில் கூடுதலாகவும் ஓரத்தில் குறைவாகவும் விழுவது அதில் தெரியும். மற்றப் படங்களை இந்த வெற்றுப் படத்தால் வகுத்தால் வெளிச்சம் சமமாகிவிடும். லென்சில் பூஞ்சை பிடித்திருந்தால் அதுவும் இந்த வெற்றுப் படத்தில் அம்பலமாகும். கடற்காற்றில் நுண்ணோக்கியைச் சிலிக்கா ஜெல் இல்லாமல் மூடி வைப்பவர்களுக்குச் சீக்கிரமே அம்பலமாகும்.

மூன்றாம் படி: கையால் எண்ணுங்கள்

பலர் தாண்டிச் செல்லும் படி இது. ஐந்து படங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் உட்கருவின் விளிம்பையும் கையால் வரைய வேண்டும். ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் பாலிகன் கருவியால் வரைந்து, வரைந்த உருவங்களைச் சேமிக்கும் ரோய் மேனேஜர் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒரு படத்தில் நாற்பது உட்கரு இருந்தால் ஐந்து படத்துக்கு இருநூறு. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வரையும்போதுதான் கேள்விகள் எழும். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டதைச் சேர்ப்பதா? செல் உடல் இல்லாத வெற்று உட்கருவை என்ன செய்வது? மீனின் குருதித் தட்டுச் செல்களுக்கும் உட்கரு உண்டே, அவை கணக்கில் வருமா? லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுவின் உருண்டை உட்கரு? இவற்றுக்கு விடை எழுதிவைக்காமல் கணினியை ஓட்டினால், அது கொடுக்கும் எண்ணிக்கை எதன் எண்ணிக்கை என்று உங்களுக்கே தெரியாது.

என் விதிகள் இவை: விளிம்பைத் தொடுவது வேண்டாம், வெற்று உட்கரு வேண்டாம், நீள்வட்ட உட்கருவுள்ள சிவப்பணு மட்டும். உங்கள் கேள்வி வேறாக இருந்தால் விதியும் வேறாகலாம். முடிந்தால் இன்னொருவரையும் அதே படங்களில் வரையச் சொல்லுங்கள். இரண்டு மனிதர்கள் ஒத்துப்போகாத இடத்தில் கணினி சரியா தவறா என்று வாதிடுவதில் பொருளில்லை.

நான்காம் படி: உட்கருவைப் பின்னணியிலிருந்து பிரித்தல்

படத்தைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அலைவரிசைகளாகப் பிரித்து மூன்றையும் பாருங்கள். கீம்சாவிலுள்ள இயோசின் செல் உடலுக்கு இளஞ்சிவப்பைக் கொடுக்கிறது. அது பச்சை ஒளியை விழுங்கும். உட்கருவுக்கு ஊதாவைக் கொடுக்கும் அஸ்யூர் சாயம் சிவப்பு ஒளியையும் விழுங்கும். ஆகவே சிவப்பு அலைவரிசையில் செல் உடல் வெளுத்து, உட்கரு மட்டும் கறுத்து நிற்பதைக் காணலாம். பச்சையில் உட்கரு இன்னும் அடர்த்தியாகத் தெரியும், ஆனால் செல் உடலும் கூடவே இருளும். உங்கள் ஸ்லைடில் எது தெளிவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே திருப்தி தராவிட்டால், ஒவ்வொரு சாயத்தையும் தனிப் படமாகப் பிரிக்கும் கலர் டீகன்வல்யூஷன் என்ற கருவி இருக்கிறது. ரூஃப்ராக், ஜான்ஸ்டன் இருவரும் 2001இல் வெளியிட்ட முறை. ஃபிஜியில் கீம்சாவுக்கான தேர்வும் அதில் உண்டு.

அடுத்து ப்ராசஸ் பட்டியலில் சப்டிராக்ட் பேக்கிரவுண்ட், அதாவது பின்னணி வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைக் கழிக்கும் கட்டளை. உருளும் பந்தின் ஆரத்தை உட்கருவின் நீளத்தைவிடப் பெரிதாக, 50 பிக்சல் அளவில் வையுங்கள். கீம்சாப் படத்தில் பின்னணி வெளிச்சமானது என்பதால் லைட் பேக்கிரவுண்ட் கட்டத்தைக் குறிக்க மறக்காதீர்கள், டாப்பிக்கு வேண்டாம். பிறகு, படத்தைச் சற்று மங்கலாக்கிப் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் காசியன் ப்ளர்; மங்கலின் அளவான சிக்மா 1 அல்லது 2. அதற்கு மேல் போனால் பக்கத்துப் பக்கத்து உட்கருக்கள் உருகி ஒன்றாகிவிடும்.

இனி த்ரெஷோல்ட், அதாவது வரம்பு மதிப்பு. இந்த மதிப்புக்கு அந்தப் பக்கம் உட்கரு, இந்தப் பக்கம் பின்னணி. கண்ணால் பார்த்து இழுவையை நகர்த்தி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். காலையில் வைத்தது மாலையில் வராது. ஓட்சு 1979இல் வெளியிட்ட முறை இதைத் தானாகத் தேர்ந்தெடுக்கிறது. ஏலக்கூடத்தில் கலந்து கிடக்கும் மீனைப் பெரியது, சிறியது என்று இரண்டு குவியலாக்கும்போது, ஒவ்வொரு குவியலுக்குள்ளும் மீன்கள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும்படி பார்த்துப் பிரிப்பார்கள் அல்லவா? ஓட்சு முறை பிக்சல்களின் வெளிச்சத்தை அப்படித்தான் பிரிக்கிறது. படத்தில் உட்கரு மிகக் குறைவாக இருந்தால் மட்டும் இது தடுமாறும். ஒரு குவியல் மலையாகவும் மறு குவியல் கைப்பிடியாகவும் இருந்தால் கோடு மலைக்குள்ளேயே விழுந்துவிடும். அப்போது டிரையாங்கிள் அல்லது லீ முறையைச் சோதித்துப் பாருங்கள். முடிந்ததும் ஃபில் ஹோல்ஸ் கொடுத்து உள்ளிருக்கும் ஓட்டைகளை அடைத்துவிடலாம்.

ஐந்தாம் படி: ஒட்டியவற்றைப் பிரித்தல்

எவ்வளவு நல்ல ஸ்லைடிலும் சில உட்கருக்கள் தொட்டுக்கொண்டு எட்டு வடிவில் நிற்கும். இவற்றைப் பிரிக்கும் பழைய, நம்பகமான வழிக்கு வாட்டர்ஷெட் என்று பெயர். கண்மாய் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது.

முதலில் ஒவ்வொரு பிக்சலும் விளிம்பிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணினி கணக்கிடுகிறது. உட்கருவின் நடுப்பகுதி விளிம்பிலிருந்து வெகுதூரம். எட்டின் இடுப்புப் பகுதி விளிம்புக்கு மிக அருகில். தொலைவு கூடுதலான இடத்தைப் பள்ளமாக நினைத்துக்கொண்டால், எட்டு வடிவம் இரண்டு கண்மாய்களாகவும் இடுப்பு நடுவிலுள்ள மேடாகவும் தெரியும். இரண்டு பள்ளங்களின் அடியிலிருந்தும் தண்ணீர் ஊறட்டும். நீர் மட்டம் ஏறி ஏறி, இரண்டு நீரும் கலக்கப்போகும் இடத்தில் ஒரு கரை எழுப்புங்கள். அந்தக் கரைதான் வெட்டும் கோடு.

கோளாறும் இதே படத்திலிருந்தே புரியும். மீனின் உட்கரு நீளமானது. விளிம்பு கொஞ்சம் நெளிந்திருந்தால் ஒரே உட்கருவுக்குள் இரண்டு பள்ளங்கள் தோன்றி, நல்ல உட்கருவை நடுவில் வெட்டிவிடும். ஃபிஜியின் சாதாரண வாட்டர்ஷெட் நீள்வட்டங்களுக்கு இதை அடிக்கடி செய்கிறது. மார்ஃபோ லிப் ஜே என்ற கூடுதல் தொகுப்பிலுள்ள டிஸ்டன்ஸ் டிரான்ஸ்ஃபார்ம் வாட்டர்ஷெட்டில் டைனமிக் என்றொரு எண் உண்டு. இவ்வளவு ஆழ வேறுபாடு இல்லாத பள்ளத்தைத் தனிக் கண்மாயாக எண்ணாதே என்று அது சொல்கிறது. எண்ணை 1இலிருந்து மெல்லக் கூட்டிக்கொண்டே போங்கள். வீண் வெட்டுகள் நின்று, நியாயமான வெட்டுகள் மிஞ்சும் இடத்தில் நிறுத்துங்கள்.

கடைசியாக, பிரித்த உருவங்களை எண்ணி அளக்கும் அனலைஸ் பார்ட்டிகிள்ஸ் கட்டளை. பரப்புக்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் கொடுங்கள். நீளம் 5, அகலம் 3 மைக்ரான் உள்ள நீள்வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 12 சதுர மைக்ரான். 4 முதல் 30 வரை என்று தொடங்கலாம். விளிம்பைத் தொடுபவற்றை நீக்கும் கட்டத்தையும் குறியுங்கள்.

ஆறாம் படி: பயிற்சி பெற்ற கணினி மாதிரிகள்

2018இல் உட்கரு கண்டறிதலுக்காகவே டேட்டா சயின்ஸ் பௌல் என்றொரு உலகப் போட்டி நடந்தது. பயிற்சிக்கு 670 படங்கள் கொடுத்தார்கள். 2015இல் வந்த யூ-நெட் வகைச் செயற்கை நரம்பு வலைப்பின்னல்கள் (கையால் வரைந்த படங்களைப் பார்த்துக் கற்கும் நிரல்கள்) அதில் முன்னணியில் நின்றன. அதே 2018இல் வெளியானது ஸ்டார்டிஸ்ட் என்ற உட்கரு கண்டறியும் மாதிரி. ஃபிஜியின் அப்டேட் பட்டியலில் ஸ்டார்டிஸ்டையும் அதற்குத் தேவையான சிஎஸ்பிடீப் தொகுப்பையும் குறித்துவிட்டு மறுபடி திறக்க வேண்டும்.

இதன் அடிப்படை பாம்பன் கலங்கரை விளக்கம் மாதிரி. உட்கருவுக்குள் ஒரு புள்ளியில் நின்றுகொண்டு எல்லாத் திசைகளிலும் கதிர் வீசி, ஒவ்வொரு கதிரும் எவ்வளவு தூரத்தில் கரையைத் தொடுகிறது என்று கணிக்கிறது. வழக்கமாக 32 கதிர்கள். அந்த முனைகளைச் சேர்த்தால் உட்கருவின் உருவம். மீன் சிவப்பணுவின் நீள்வட்டத்துக்கு இது அருமையாகப் பொருந்தும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் மடல் மடலாகப் பிரிந்த உட்கருவில் ஒரு மடலில் நின்றால் மறு மடலுக்குக் கதிர் நேராகப் போகாது, அங்கே தவறும்.

முன்பே பயிற்சி பெற்ற மாதிரிகளில் ஒன்று ஒளிரும் படங்களுக்கானது, மற்றொன்று திசுவியல் சாயப் படங்களுக்கானது. கீம்சாவுக்கென்று தனி மாதிரி இல்லை. நான் செய்வது எளிய தந்திரம்: சிவப்பு அலைவரிசையை எடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை உட்கருவாக்கி, ஒளிரும் மாதிரியிடம் கொடுத்துவிடுவேன். ஸ்லைடு நன்றாக இருந்தால் இது வியக்கத்தக்க அளவில் வேலை செய்கிறது. மங்கிய உட்கருக்கள் விட்டுப்போனால் நிகழ்தகவு வரம்பைக் குறையுங்கள். குப்பைகள் சேர்ந்தால் கூட்டுங்கள்.

நான்காம், ஐந்தாம் படிகளை விட்டுவிட்டு நேரே இங்கே வரலாமா என்று கேட்பார்கள். வரலாம். ஆனால் மாதிரி தவறும்போது ஏன் தவறியது என்று அது சொல்லாது. த்ரெஷோல்ட் தவறினால் கண்ணுக்குத் தெரியும்.

ஏழாம் படி: சரிபார்த்தல்

கையால் எண்ணியது 212, கணினி சொன்னதும் 212 என்று மகிழ்ந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து இடத்தில் இரண்டை ஒன்றாக்கி, வேறு பத்து இடத்தில் ஒன்றை இரண்டாக்கினாலும் கூட்டுத்தொகை மாறாது. உருவத்துக்கு உருவம் ஒப்பிட வேண்டும். நீங்கள் வரைந்ததும் கணினி வரைந்ததும் பொதுவாக மூடும் பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுங்கள். 0.5க்கு மேல் இருந்தால் பொருந்தியது என்று கொள்ளலாம்.

கை 212, கணினி 205, இவற்றில் பொருந்தியவை 196 என்று வையுங்கள். கணினி சொன்னதில் 9 பொய்; அது தவறவிட்டவை 16. சொன்னதில் சரியானது 95.6 விழுக்காடு, இருந்ததில் பிடித்தது 92.5 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் எஃப்1 மதிப்பு 0.94. எண்ணோடு நிற்காமல் அந்த 9ஐயும் 16ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஒன்பதும் சாயத் துகள் என்றால் குறை ஸ்லைடில். பதினாறும் ஒட்டியவை என்றால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

அமைப்புகளைச் சரிசெய்யப் பயன்படுத்திய படங்களையே சரிபார்க்கவும் பயன்படுத்தாதீர்கள். அதே ஸ்லைடின் வேறொரு மூலையும் கூடாது. வேறொரு மீனின் ஸ்லைடாக இருக்க வேண்டும். எந்த இடங்களைப் படமெடுப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். குஞ்சுத் தொட்டியில் எண்ணிக்கை பார்க்கும் அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னார்: “தம்பி, ஒரு கிண்ணம் மொண்டு எண்ணினால் தொட்டி தெரியும். ஆனால் கலக்கிவிட்டுத்தான் மொள்ள வேண்டும்.” அழகான இடமாகத் தேடித் தேடிப் படமெடுப்பது கலக்காமல் மொள்ளுவது.

எட்டாம் படி: நுண் உட்கருக்களும் பதிவும்

நுண் உட்கரு பிரதான உட்கருவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானது. 4 சதுர மைக்ரானுக்குக் கீழே வேண்டாம் என்று ஐந்தாம் படியில் வைத்த வடிகட்டி இவற்றை முழுதாகத் தூக்கி எறிந்துவிடும். எனவே சிறியவற்றுக்கு 0.2 முதல் 2 சதுர மைக்ரான் வரை தனியாக ஒருமுறை ஓட்டி, ஏற்கெனவே கண்டறிந்த உட்கருக்களின் அருகே இருப்பவற்றை மட்டும் பட்டியலிடுங்கள். இறுதித் தீர்ப்பைக் கணினியிடம் விடாதீர்கள். பட்டியலிலுள்ள ஒவ்வொன்றையும் 100 மடங்கு ஆப்ஜெக்டிவில் எண்ணெய் விட்டு, குவியத்தை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். சாயத் துகள் வேறு தளத்தில் பளிச்சிடும். உண்மையான நுண் உட்கரு பிரதான உட்கருவோடு ஒரே தளத்தில், அதே நிறத்தில் இருக்கும்.

கோப்பின் பெயரிலேயே மீன் எண், பிடித்த இடம், சாயமேற்றிய நாள் மூன்றும் இருக்கட்டும். பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் நம் மீனவர்கள் சொல்வார்கள். இரண்டையும் ஒப்பிடப் புறப்பட்ட நான், பெண் கடல் மீன்களுக்குத் திங்களன்றும் ஆண் கடல் மீன்களுக்கு வியாழனன்றும் சாயம் ஏற்றினேன். வேறுபாடு தெளிவாக வந்தது. வியாழனன்று சாயக் கரைசல் பழையது என்பது கோப்பின் பெயரிலிருந்த தேதியைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இப்போது ஒவ்வொரு சாயத் தட்டிலும் இரு பக்க ஸ்லைடுகளையும் கலந்தே அடுக்குகிறேன்.